காது கேளாதோரை அணிதிரட்டிய ஃபெர்டினான் பெர்த்தியே

(காது கேளாதோர் உரிமைகள் குறித்த கருத்தரங்கில் ஆற்றப்பட்ட நினைவுரையின் எழுத்து வடிவம்)

மக்கள் இயக்கங்களின் வரலாறு எழுதப்படும்போது வள்ளல்களுக்குக் கிடைக்கும் இடம் அமைப்பாளர்களுக்குக் கிடைப்பதில்லை. காது கேளாதோரின் வரலாற்றிலும் இதுவே நிலைமை. அவர்களுக்குப் பள்ளி திறந்த பாதிரியார்கள், சிகிச்சை முறைகளை முயன்று பார்த்த மருத்துவர்கள், நன்கொடை அளித்த செல்வந்தர்கள் ஆகியோரின் பெயர்கள் நூல்களில் நிறைந்துள்ளன. காது கேளாதோரை ஓர் அமைப்பாகத் திரட்டி, அரசின் வாயிலில் மனுவோடு நிறுத்திய ஃபெர்டினான் பெர்த்தியேவின் பெயர் இந்தியாவில் மிகச் சிலருக்கே தெரியும். அவரும் காது கேளாதவரே.

பெர்த்தியே 1803ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று கிழக்குப் பிரான்சிலுள்ள லூஆன் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1886 ஜூலை 12 அன்று பாரிசில் மறைந்தார். 1830, 1848, 1871 ஆகிய ஆண்டுகளின் எழுச்சிகளைக் கண்ட பிரான்ஸ் அது. ஆசிரியர், நூலாசிரியர், சங்கத் தலைவர் என அவர் பல பணிகளை ஆற்றினார். அவை அனைத்தினூடாகவும் ஒரு கேள்வி தொடர்கிறது. ஒரு மக்கள் பிரிவின் மொழியையும் கல்வியையும் பற்றி முடிவெடுக்கும் உரிமை யாருக்கு உண்டு? அந்த மக்களுக்கே உண்டு என்பது பெர்த்தியேவின் விடை. அவர் வாழ்ந்த காலத்திலேயே ஐரோப்பிய அதிகார வட்டாரங்கள் இதற்கு நேர்மாறான விடையை அளித்தன. அந்த இரண்டாம் விடையின் பாதிப்பை இந்தியக் குழந்தைகள் இன்றும் சுமக்கின்றனர்.

சட்டம் பறித்த உரிமை

பெர்த்தியேவின் பணியை மதிப்பிட, அவருக்கு முந்தைய நிலையைக் காண வேண்டும். 6ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஜஸ்டினியன் சட்டத் தொகுப்பு, பிறவியிலேயே காது கேளாமலும் பேச இயலாமலும் இருந்தோருக்கு உயில் எழுதும் உரிமையை மறுத்தது. இந்தியாவில் மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் அவர்களைக் குடும்பச் சொத்தில் பங்கு பெறுவதிலிருந்து விலக்கியது; உணவும் உடையும் அளித்தால் போதும் என்று விதித்தது. இது பழங்காலத்தோடு முடிந்துபோன கதையன்று. பிரிட்டிஷ் ஆட்சியின் நீதிமன்றங்களும் இந்து சட்டம் என்ற பெயரில் இத்தகைய விலக்குகளை ஏற்றுக்கொண்டன. 1928ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்து வாரிசுரிமைத் தகுதியின்மை நீக்கச் சட்டமும், பின்னர் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவுமே இந்நிலைக்கு முடிவு கட்டின.

இவ்விரு சட்ட மரபுகளும் பேச்சு இல்லாதவரைத் தம் காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ளத் தகுதியற்றவராகக் கருதின. ஆயினும் ஆளும் வர்க்கத்தின் வீட்டில் காது கேளாத குழந்தை பிறந்தபோது வழிகள் தேடப்பட்டன. 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் பேத்ரோ போன்சே தெ லியோன் என்னும் துறவி, பிரபுக் குடும்பத்துக் குழந்தைகளுக்குப் பேசவும் எழுதவும் கற்பித்தார். ஒரு குழந்தைக்கு ஓர் ஆசிரியர், பல ஆண்டுகள் உழைப்பு என்ற முறை செல்வந்தருக்கே எட்டியது. உழவர் வீட்டுக் குழந்தைக்கும் கைவினைஞர் வீட்டுக் குழந்தைக்கும் அங்கே இடமில்லை.

இந்த வர்க்க வேலியை முதலில் பெரிய அளவில் உடைத்தவர் பாரிசைச் சேர்ந்த தெ லெப்பே பாதிரியார். 1760ஆம் ஆண்டு வாக்கில் அவர் ஏழை, செல்வந்தர் என்ற வேறுபாடின்றிக் காது கேளாத குழந்தைகளை ஒன்றாக அமர்த்திக் கட்டணமின்றிக் கற்பிக்கத் தொடங்கினார். அக்குழந்தைகள் தமக்குள் பயன்படுத்திய சைகைகளை அவர் முதலில் தாம் கற்றுக்கொண்டார். அவற்றின் வழியே எழுத்தறிவைப் புகட்டினார். மாணவர் ஒரே இடத்தில் கூடியபோது அவர்களது சைகை மொழியும் செழித்தது.

புத்தகம் கட்டும் தொழிலாளியின் வாதம்

பாதிரியாரின் பள்ளிக்கு வெளியேயும் பாரிசில் காது கேளாதோரின் சைகை மொழி வழங்கி வந்தது. இதற்குச் சான்று தந்தவர் பியேர் தெலோஜ். புத்தகம் கட்டுவதும் மரச்சாமான்களுக்குத் தாள் ஒட்டுவதும் அவரது தொழில். பெரியம்மையால் ஏழாம் வயதில் செவித்திறன் இழந்தவர் அவர். சைகை மொழி கல்விக்கு உதவாது என்று ஒரு பாதிரியார் எழுதிய நூலுக்கு மறுப்பாக 1779இல் அவர் ஒரு சிறுநூலை வெளியிட்டார். பாரிசின் காது கேளாத தொழிலாளர் எந்தப் பொருளைப் பற்றியும் தம் சைகைகளால் உரையாட வல்லவர் என்பது அவரது வாதம். காது கேளாதவர் ஒருவர் எழுதி அச்சான முதல் நூல்களில் ஒன்றாக அது கருதப்படுகிறது. அதனை எழுதியவர் ஓர் உடலுழைப்புத் தொழிலாளி என்பதை மறக்கலாகாது.

தெ லெப்பே 1789 டிசம்பரில் மறைந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் தேசிய சபை 1791 ஜூலையில் அவரது பள்ளியைத் தேசத்தின் பொறுப்பில் ஏற்றது. காது கேளாதோரின் கல்வி தனிமனிதரின் தயவிலிருந்து அரசின் கடமையாக மாறிய தருணம் அது. பெர்த்தியே அந்த மாற்றத்தின் விளைச்சல். 1811இல், எட்டு வயதில், அவர் பாரிஸ் பள்ளியில் சேர்ந்தார்.

அப்பள்ளியில் காது கேளாத ஆசிரியர்களே அவருக்கு முன்மாதிரியாக இருந்தனர். ஜான் மாசியூ அவர்களில் மூத்தவர். லோரான் கிளேர் 1816இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, அடுத்த ஆண்டு ஹார்ட்ஃபோர்டில் அந்நாட்டின் முதல் நிரந்தரக் காது கேளாதோர் பள்ளியை நிறுவ உதவினார். அமெரிக்கச் சைகை மொழிக்கும் பிரெஞ்சுச் சைகை மொழிக்கும் உள்ள உறவு அந்தப் பயணத்தில் தொடங்கியது.

பெர்த்தியேவின் சிந்தனையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் ஓகுஸ்த் பெபியான். கரீபியன் தீவான குவாதலூப்பில் பிறந்த பெபியான் செவித்திறன் உள்ளவர். ஆயினும் சைகை மொழியைக் காது கேளாதவர்களிடமிருந்தே கற்றவர். தெ லெப்பே பிரெஞ்சு இலக்கணத்துக்கு ஏற்பச் செயற்கையான சைகைகளை உருவாக்கியிருந்தார். ஆங்கில வாக்கியத்தின் சொல் வரிசை மாறாமல் தமிழ்ச் சொற்களை அடுக்கினால் எவ்வளவு குழப்பம் விளையுமோ அவ்வளவு குழப்பம் அதில் இருந்தது. காது கேளாதோரின் இயல்பான சைகை மொழியே பயிற்றுமொழியாக வேண்டும் என்று பெபியான் வாதிட்டார். நிர்வாகத்துடன் ஏற்பட்ட மோதலில் அவர் 1821இல் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1830இல் முடியாட்சி ஆட்டங்கண்டு புதிய மன்னர் வந்தபோது, பெபியானை மீண்டும் பணியமர்த்தக் கோரிப் பெர்த்தியேவும் அவருடைய காது கேளாத சக ஆசிரியர்களும் மன்னர் லூயி பிலிப்பிடம் மனு அளித்தனர். கோரிக்கை நிறைவேறவில்லை. எனினும், தங்கள் கல்வியை யார் நடத்த வேண்டும் என்று காது கேளாதோர் கூட்டாக அரசிடம் சொன்ன முயற்சி அது.

விருந்து மேசையில் பிறந்த இயக்கம்

1830களில் பள்ளி நிர்வாகம் எதிர்த் திசையில் நடந்தது. புதிய இயக்குநர் ஓர்தினேர், வாய்ப்பேச்சைக் கற்பிப்பதற்கு முன்னுரிமை அளித்தார். காது கேளாத ஆசிரியர்கள் முடிவெடுக்கும் இடங்களிலிருந்து ஓரங்கட்டப்பட்டனர். பள்ளி மருத்துவர் இத்தார் அதற்கு முன்பே பல ஆண்டுகளாக மாணவரின் உடல்மீது சோதனைகள் நடத்தியிருந்தார். மின்சாரம் பாய்ச்சுவது, அட்டைகளைக் கடிக்க விடுவது, செவிப்பறையைத் துளைப்பது என எல்லாம் முயலப்பட்டன. ஒருவருக்கும் செவித்திறன் திரும்பவில்லை. மருத்துவமும் நிர்வாகமும் காது கேளாதவரைக் குணப்படுத்த வேண்டிய உடலாக மட்டுமே கண்டன.

இச்சூழலில் 1834 நவம்பரில் காது கேளாதோர் பத்துப் பேர் ஒரு குழுவாகக் கூடினர். பெர்த்தியே தலைவரானார். தெ லெப்பேவின் பிறந்தநாளை ஆண்டுதோறும் ஒரு விருந்தாகக் கொண்டாடுவது அவர்களது முடிவு. நவம்பர் 30 அன்று பாரிசில் நடந்த முதல் விருந்தில் ஏறத்தாழ அறுபது பேர் கலந்துகொண்டனர். உரைகள் அனைத்தும் சைகை மொழியில் நிகழ்ந்தன. ஓவியர்களும் செதுக்குக் கலைஞர்களும் அச்சுத் தொழிலாளரும் ஆசிரியர்களும் ஒரே மேசையில் அமர்ந்தனர். பின்வந்த ஆண்டுகளில் பத்திரிகையாளரும் அரசியல்வாதிகளும் விருந்தினராக வந்தபோது, அந்த அரங்கில் புரியாமல் விழித்தவர்கள் செவித்திறன் உள்ளவர்களே. ஒரு குறைபாடு எந்த அளவுக்குச் சமூகச் சூழலால் உண்டாக்கப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு நூல் விளக்கிவிட முடியாது.

விருந்து என்ற வடிவத்துக்கு அரசியல் பொருளும் உண்டு. இருபது பேருக்கு மேற்பட்ட சங்கங்களை அனுமதியின்றி நடத்துவதற்குப் பிரெஞ்சுச் சட்டத்தில் தடை இருந்தது. லியோன் நகர நெசவாளர் கிளர்ந்தெழுந்த அதே 1834இல் அத்தடை மேலும் கடுமையாக்கப்பட்டது. ஒன்றுகூடுவதே குற்றமாகக் கருதப்பட்ட ஆட்சியில் விருந்து மேசை ஒரு பொதுமேடையாக விளங்கியது. 1847இல் வாக்குரிமை விரிவாக்கம் கோரிய எதிர்க்கட்சிகளும் இதே வடிவத்தைக் கையாண்டன. அரசு ஒரு விருந்தைத் தடை செய்ததுதான் 1848 பிப்ரவரிப் புரட்சிக்கு உடனடித் தூண்டுகோலாயிற்று. காது கேளாதோரின் விருந்துகள் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டன.

சங்கம், சட்டம், தேர்தல்

ஆண்டுக்கு ஒருநாள் கூடுவது போதாது என்பதைப் பெர்த்தியே உணர்ந்தார். நிரந்தர அமைப்புக்கு அனுமதி கோரி அரசிடம் விண்ணப்பித்தார். 1838இல் காது கேளாதோர் மத்திய சங்கம் உருவாயிற்று. காது கேளாதோரின் நலனுக்காகக் காது கேளாதோரே நடத்திய அமைப்புகளில் அதுவே முன்னோடி எனப்படுகிறது. ஒருவருக்கொருவர் உதவுதல், பள்ளியை விட்டு வெளியேறித் தொழிலாளராகிவிட்டவர்களின் கல்வியைத் தொடர்தல், பொது நலன்களைக் கூடி விவாதித்தல் ஆகியவை அதன் நோக்கங்கள். ஐரோப்பியத் தொழிலாளரின் பரஸ்பர உதவிச் சங்கங்கள் வளர்ந்த காலம் அது. அதே வேரிலிருந்து கிளைத்த அமைப்பாக இதனையும் காணலாம்.

1848 பிப்ரவரியில் முடியாட்சி வீழ்ந்தது, குடியரசு அறிவிக்கப்பட்டது, வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. பெர்த்தியே அதற்கு வேட்பாளராக நின்றார். வெற்றி கிட்டவில்லை. ஆனால் மனு கொடுப்பவராக அதுவரை அறியப்பட்ட காது கேளாத குடிமகன், சட்டம் இயற்றும் இடத்துக்கே உரிமை கோரினார். மார்க்சும் எங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கை வெளிவந்த ஆண்டும் அதுவே. ஐரோப்பா முழுவதும் அடிநிலை மக்கள் வரலாற்றின் மேடையில் ஏறிய அந்த ஆண்டில், காது கேளாதோரும் அவர்களுள் இருந்தனர்.

பெர்த்தியேவின் எழுத்துப்பணியும் இதே நோக்கத்தைக் கொண்டது. தெ லெப்பேவுக்கு முன்னும் பின்னும் காது கேளாதோரின் நிலை பற்றி 1840இலும், தெ லெப்பேவின் வாழ்க்கை பற்றி 1852இலும் அவரது நூல்கள் வெளிவந்தன. 1868இல் அவர் வெளியிட்ட நூல் தனிச்சிறப்பு உடையது. நெப்போலியன் சட்டத் தொகுப்பைக் காது கேளாதோர் விளங்கிக்கொள்ளும் வகையில் அதில் எடுத்துரைத்தார். இதன் தேவையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். அச்சட்டத்தின் 936ஆவது பிரிவின்படி, எழுதத் தெரிந்த காது கேளாதவர் தமக்கு வழங்கப்படும் கொடையைத் தாமே ஏற்கலாம். எழுதத் தெரியாதவருக்காக ஒரு காப்பாளரே ஏற்க வேண்டும். எழுத்தறிவு ஒருவரது சட்டபூர்வ ஆளுமையைத் தீர்மானித்தது. பள்ளிக்கு அனுப்பப்படாத ஏழைக் குழந்தை வளர்ந்தபின் சட்டத்தின் கண்ணில் பிறர் பொறுப்பில் வாழும் ஒருவராகவே நின்றது. கல்வி உரிமையும் குடியுரிமையும் ஒரே போராட்டம் என்று பெர்த்தியே கருதியதற்கு இதுவே காரணம்.

மதிப்பீடும் வரம்புகளும்

ஒரு போராளியை நினைவுகூர்தல் துதிபாடுதலாகிவிடக் கூடாது. பெர்த்தியேவின் விருந்துகளில் பல பத்தாண்டுகள் பெண்களுக்கு இடமில்லை. காது கேளாத பெண் தொழிலாளர் இரட்டை ஒதுக்கலுக்கு ஆளாயினர். 1849இல் பெர்த்தியே பிரான்சின் உயரிய விருதான லெஜியன் ஆஃப் ஆனர் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் காது கேளாதவர் அவர். அதனை வழங்கியவர் அன்றைய குடியரசுத் தலைவர் லூயி போனபார்ட். இரண்டே ஆண்டுகளில் அதே குடியரசைக் கவிழ்த்தவர் அவர். மார்க்ஸ் தமது புகழ்பெற்ற நூலில் ஆராய்ந்த சதியாட்சியாளரும் அவரே. எந்த ஆட்சி வந்தாலும் அதனிடம் மனுவோடு செல்லும் அணுகுமுறை பெர்த்தியேவிடம் இருந்தது. கற்றோரின் தலைமையும், மேலிடத்து நற்பெயரின்மீது வைத்த நம்பிக்கையும் அவரது இயக்கத்தின் வரம்புகள்.

அந்த வரம்பு எவ்வளவு பெரியது என்பதை அவர் தம் முதுமையில் கண்டார். 1880 செப்டம்பரில் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு கூடியது. பேராளர் 164 பேர். அவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். வங்கியும் இரயில்வேயும் நடத்திய பெரேர் குடும்பத்தின் ஆதரவுபெற்ற சங்கம் மாநாட்டு ஏற்பாட்டில் பெரும்பங்கு வகித்தது. பள்ளிகளில் சைகை மொழியைவிட வாய்ப்பேச்சே மேலானது என்ற தீர்மானம் 160க்கு 4 என்ற வாக்குகளில் நிறைவேறியது. தேசிய அரசுகள் ஒரே மொழி, ஒரே பேச்சு என்று குடிமக்களைச் சமப்படுத்த முயன்ற காலம் அது. பிரான்சில் பிரெத்தோன் போன்ற வட்டார மொழிகள் பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட காலமும் அதுவே. காது கேளாதோரின் மொழிக்கும் அதே கதி நேர்ந்தது.

பாரிஸ் பள்ளியும் வாய்ப்பேச்சு முறைக்கு மாறியது. காது கேளாத ஆசிரியர்கள் வகுப்பறையிலிருந்து மறைந்தனர். சைகை செய்த குழந்தைகளின் கைகள் கட்டப்பட்டன, அடிக்கப்பட்டன. ஒரு தலைமுறை தன் வாழ்நாள் உழைப்பால் பெற்றதை, தங்களைக் கேட்காமல் கூடிய ஒரு மாநாடு ஒரு வாரத்தில் தட்டிப் பறித்தது. ஆறு ஆண்டுகள் கழித்துப் பெர்த்தியே மறைந்தார். பிரெஞ்சுச் சைகை மொழிக்குக் கல்வியில் சட்டபூர்வ இடம் மீண்டும் கிடைக்க 1991ஆம் ஆண்டும், முழுமையான மொழி என்ற ஏற்பு கிடைக்க 2005ஆம் ஆண்டும் ஆயின. மிலான் தீர்மானத்துக்கு 2010ஆம் ஆண்டு வான்கூவர் மாநாட்டில்தான் வருத்தம் தெரிவிக்கப்பட்டது.

ஆயினும் மிலானால் அழிக்க முடியாத ஒன்று இருந்தது. வகுப்பறையில் தடை செய்யப்பட்ட மொழி, விடுதியிலும் சங்கத்திலும் விருந்து மேசையிலும் உயிர்பிழைத்தது. அமைப்பு நீடித்ததால் மொழியும் நீடித்தது. 1951இல் ரோமில் உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு நிறுவப்பட்டது. அதன் நிறுவன நாளான செப்டம்பர் 23ஐ ஐக்கிய நாடுகள் சபை 2018 முதல் சர்வதேச சைகை மொழிகள் நாளாகக் கடைப்பிடிக்கிறது. 1988இல் அமெரிக்காவின் கலாடெட் பல்கலைக்கழகத்தில் மாணவர் வேலைநிறுத்தம் செய்து, அதன் வரலாற்றில் முதன்முறையாகக் காது கேளாத ஒருவரைத் தலைவராக்கினர். அவையெல்லாம் பெர்த்தியேவின் வழிவந்தவை.

இந்தியாவில் இன்று

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் செவித்திறன் குறையுடையோர் 50 லட்சத்துக்கும் அதிகம் என்றது. இந்தியச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. கேள்விச் சொல் பொதுவாக வாக்கியத்தின் இறுதியில் வரும். புருவ அசைவும் முகபாவனையும் இலக்கணத்தின் பகுதிகள். சொற்களில் வட்டார வேறுபாடுகள் இருப்பினும், தமிழரும் வங்காளியரும் பஞ்சாபியரும் பேச்சால் உரையாட இயலாதபோதும் அவர்களிடையே உள்ள காது கேளாதோர் பெருமளவு உரையாட முடிகிறது. ஆனால் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் இது இல்லை.

காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் செவித்திறன் உள்ள பெற்றோருக்கே பிறக்கின்றனர். வீட்டில் சைகை மொழி இல்லை. பள்ளியிலும் சைகை மொழியில் தேர்ச்சி பெற்ற ஆசிரியர் அரிது. மொழி கற்கும் திறன் உச்சத்தில் இருக்கும் இளம் ஆண்டுகள் உதட்டசைவை ஊகிப்பதிலேயே கழிகின்றன. செவிக்கருவிகளும் அறுவைச் சிகிச்சையும் பலருக்கு உதவுகின்றன. அவற்றை ஏழைகளுக்கும் இலவசமாக வழங்குவது அரசின் கடமை. ஆனால் கருவியின் பெயரால் ஒரு குழந்தைக்கு மொழியை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. சைகை மொழி கற்றால் பேச்சு வராது என்று பெற்றோரை அச்சுறுத்தும் வழக்கம் மிலான் தீர்மானத்தின் மிச்சம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, சைகை மொழியில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களை நியமிக்கச் சொல்கிறது. அரசு வேலைகளில் 4 விழுக்காடு இடஒதுக்கீட்டில் 1 விழுக்காட்டைச் செவித்திறன் குறையுடையோருக்கு ஒதுக்குகிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை இந்தியச் சைகை மொழியைத் தரப்படுத்துவது பற்றிப் பேசுகிறது. ஆசிரியர் நியமனமும் நிதியும் இன்றி இவை காகிதத்திலேயே நின்றுவிடும். அரசுப் பள்ளிகள் மூடப்பட்டு, நிரந்தரப் பணியிடங்கள் ஒப்பந்தப் பணிகளாக மாற்றப்படும் காலத்தில், காது கேளாத குழந்தையின் வகுப்பறைக்குச் சைகை மொழி ஆசிரியர் எங்கிருந்து வருவார்?

அமைப்பாகத் திரண்டதன் பலனை இந்தியக் காது கேளாதோரும் நிரூபித்துள்ளனர். இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தை, செவித்திறன் குறைபாட்டுக்கான மறுவாழ்வு நிறுவனம் ஒன்றுடன் இணைக்க அரசு முயன்றது. மறுவாழ்வு நிறுவனத்தின் பார்வை வேறு, மொழி மையத்தின் பணி வேறு என்று காது கேளாதோர் எதிர்த்துப் போராடினர். அதன் விளைவாக 2015 செப்டம்பரில் அம்மையம் தனி அமைப்பாக டெல்லியில் நிறுவப்பட்டது. அது உருவாக்கிய அகராதி 2018இல் 3,000 சொற்களுடன் தொடங்கி 2021இல் 10,000 சொற்களை எட்டியது. பாரிஸ் ஆசிரியர்கள் 1830களில் எழுப்பிய அதே கோரிக்கையை டெல்லியில் எழுப்பியோர் வென்றனர். 2023 செப்டம்பரில் வழக்கறிஞர் சாரா சன்னி சைகை மொழிபெயர்ப்பாளரின் துணையுடன் உச்ச நீதிமன்ற விசாரணையில் பங்கேற்றார். சட்டம் காது கேளாதவரின் மொழியில் பேசத் தொடங்கியதன் சிறு அடையாளம் அது.

இயக்கத்தின் கடமைகள்

தோழர்களே, இந்த நினைவுகூரலிலிருந்து இடதுசாரி இயக்கம் தனக்கான சில கடமைகளை வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

முதலாவது மேடை மொழி. 1929இல் பகத்சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் மத்திய சட்டசபையில் வீசிய துண்டறிக்கை, செவிடர்களைக் கேட்கச் செய்வது பற்றிப் பேசியது. பிரெஞ்சு அராஜகவாதி ஒருவரின் சொற்கள் அவை. அந்தத் தியாகிகளின் இலக்கு அந்நிய ஆட்சி. ஆயினும் அன்று தொட்டு, மக்களின் குறையை மதியாத ஆட்சியைச் செவிட்டு அரசு என்றும், பலனற்ற முறையீட்டைச் செவிடன் காதில் ஊதிய சங்கு என்றும் மேடையில் சொல்வது பழக்கமாகிவிட்டது. ஆட்சியாளருக்குக் காது நன்றாகவே கேட்கிறது. கேட்டும் மறுப்பது அவர்களது வர்க்க நலன். காது கேளாத உழைப்பாளி ஒருவர் அக்கூட்டத்தில் அமர்ந்திருந்தால், அச்சொற்கள் அவரையே சுடும். சாதிப் பெயரை வசையாக்குவதை இயக்கம் எவ்வாறு கைவிட்டதோ அவ்வாறே இதனையும் கைவிட வேண்டும்.

இரண்டாவது கூட்டங்கள். மாநாடுகளிலும் பொதுக்கூட்டங்களிலும் சைகை மொழிபெயர்ப்பாளர் இடம்பெறுவது வழக்கமாக வேண்டும். தையலகங்களிலும் அச்சகங்களிலும் உணவகங்களிலும் கிடங்குகளிலும் காது கேளாத தொழிலாளர் பணிபுரிகின்றனர். கூலிக் குறைப்பையும் திடீர் வேலைநீக்கத்தையும் எதிர்த்து முறையிட மேற்பார்வையாளரின் மொழியும் அவர்களிடம் இல்லை. சங்கத்தின் மொழியும் அவர்களை எட்டவில்லை. தொழிற்சங்கப் பொறுப்பாளர்களில் சிலரேனும் அடிப்படைச் சைகை மொழி கற்பது இயலாத காரியமன்று.

மூன்றாவது கோரிக்கைகள். இந்தியச் சைகை மொழிக்குச் சட்டபூர்வ ஏற்பு, தொடக்கநிலை முதல் சைகை மொழிவழிக் கல்வி, காது கேளாதோரையே ஆசிரியர்களாக நியமித்தல், காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் மொழிபெயர்ப்பாளர் ஆகியவற்றை மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளிடம் மட்டும் விட்டுவிடாமல், கல்வி, மொழியுரிமை, தொழிலாளர் போராட்டங்களின் கோரிக்கைகளாகவும் முன்வைக்க வேண்டும். மார்க்சிய உளவியலாளர் வைகோட்ஸ்கி தொடக்கத்தில் வாய்ப்பேச்சுக் கல்வியையே ஆதரித்தார். பின்னர், காது கேளாத குழந்தையின் வளர்ச்சிக்குச் சைகை மொழியும் தேவை என்ற முடிவுக்கு வந்தார். நடைமுறையிலிருந்து கற்கும் அந்த மனப்பாங்கு இங்கும் தேவை.

இவை எல்லாவற்றிலும் காது கேளாதோர் தலைமையில் இருக்க வேண்டும். மிலானில் கூடியவர்களில் பலர் நல்லெண்ணம் கொண்டோரே. 164 பேரில் காது கேளாதவர் ஒருவர் மட்டுமே என்ற ஏற்பாட்டில், அந்த நல்லெண்ணம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான ஒடுக்குமுறையாயிற்று. பெர்த்தியேவின் மேசையிலோ முதலில் பத்துப் பேரே இருந்தனர். பத்துப் பேரும் காது கேளாதவர்கள். அந்த மேசையிலிருந்து தொடங்கியதே இன்று உலகெங்கும் பரந்து நிற்கும் இயக்கம். இந்தியாவின் ஐம்பது லட்சம் பேரும் தம் மொழியோடு அவ்வாறு அணிதிரள உறுதுணையாக நிற்பதே ஃபெர்டினான் பெர்த்தியேவுக்குச் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.